தமிழில் எழுதிய விலாசம்

14 ஜூன் 2024

அண்ணைக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். மே மாதம் ஆறாம் திகதி நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து நீங்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்திருப்பீர்கள். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். வேறெதற்கும் இல்லை.

பிரான்ஸில், தென்மேற்குப் பக்கம், செலே என்ற சின்ன ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் இருக்கிறேன். ஆற்றின் இரு பக்கமும் சுண்ணாம்புப் பாறை சுவர் போல எழும்பி நிற்கிறது. அதற்கு மேலே ஓக் மரக்காடு. ஆற்றோடும் காட்டோடும் ஒரு நீண்ட நடைபாதை போகிறது. முதுகில் பையைக் கட்டிக்கொண்டு ஆட்கள் நாட்கணக்காக அதில் நடக்கிறார்கள். அவர்கள் தங்கிப் போகும் விடுதி ஒன்றில் வேலை செய்கிறேன். முதலாளி பெயர் ஒதில். அறுபது வயதிருக்கும், அதிகம் கதைக்காத மனுஷி. காலையில் படுக்கை விரிப்புகளை மாற்றுவேன், பின்னேரம் சமைப்பேன். இடையில் பாதையைப் பார்த்து வரவேண்டும். மரங்களிலும் கற்களிலும் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு கோடு இருந்தால் அது சரியான வழி. கோடு அழிந்திருந்தால் வந்து சொல்ல வேண்டும். கொப்பு முறிந்து விழுந்திருந்தால் நானே அரிந்து தள்ள வேண்டும். அதற்கு ஒதில் பல் வைத்த கைவாள் ஒன்று தந்திருக்கிறா. இந்த வேலைக்கான விசாவை ஜனவரியிலேயே ஒருவருக்கும் சொல்லாமல் எடுத்து வைத்திருந்தேன்.

மார்ச்சில் என் தாடை உடைந்தது மாடிப்படியில் விழுந்ததால் அல்ல. ஆஸ்பத்திரியில் நான் அப்படிச் சொன்னேன், நீங்கள் பக்கத்தில் நின்று தலையாட்டினீர்கள். என்னைக் கட்டினவர், டிலக்ஷன், குக்கர் மூடியால் அடித்தார். ஞாயிறு பூசை முடிந்து வந்து, கறிக்கு உப்புக் காணாது என்று. ஆறு கிழமை, ஒன்றரை மாதம், வாயைக் கம்பியால் கட்டியிருந்தார்கள்.

அதற்கு முதல், நவம்பரில், கண் வீங்கி லொங்குய்யில் உங்கள் வீட்டுக்கு வந்தேன். தேத்தண்ணி தந்தீர்கள். பிறகு காரில் ஏற்றிக்கொண்டு போய், கர்க்லாண்டில் அவருடைய வாசலில் இறக்கிவிட்டீர்கள். நான் இறங்கமாட்டேன் என்றபோது கன்னத்தில் அறைந்தீர்கள். மார்ச்சில் உடைந்ததும் அந்தப் பக்கம்தான்.

நான் தொலைபேசி வைத்திருக்கவில்லை. முந்தி ஒருமுறை ஓடினபோது அதை வைத்துத்தான் என்னைக் கண்டுபிடித்தார். அதனால் கடிதம். உறைக்கு வெளியே விலாசம் போடவில்லை. இந்தத் தாளின் அடியில் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டிலக்ஷன் தமிழ் கதைப்பார், ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அண்ணிக்குச் சொல்லலாம். வேறு ஒருவருக்கும் வேண்டாம்.

றொஷினி

*

லொங்குய்ய், 2 ஜூலை 2024

றொஷினி,

உன் கடிதம் கிடைத்தது. ஏழு கிழமை நான் தின்னவும் இல்லை, படுக்கவும் இல்லை. நீ ஆற்றையும் மரத்தையும் பற்றி எழுதியிருக்கிறாய்.

உன் பதினொரு வயதில் உன்னையும் அம்மாவையும் மன்னாரிலிருந்து இங்கே கனடாவுக்குக் கூப்பிட்டவன் நான். உன்னைப் படிப்பித்தவன் நான். அம்மா மோசம்போய் மூன்று வருடம். அவ இப்போது இல்லாதது நல்லதென்று முதல்முறையாக நினைத்தேன். மாதா கோவிலில் பாட்டுக் குழுவை நடத்துகிறவன் என்று என்னை எல்லோருக்கும் தெரியும். இப்போது நான் பாட வாய் திறந்தால் பின்வரிசை வாங்கில் உள்ளவர்கள் ஆளையாள் பார்க்கிறார்கள். டிலக்ஷனின் தமையன் றொக்சன், கார் நிற்பாட்டும் இடத்தில் எல்லோருக்கும் கேட்க என்னைத் திட்டினான்.  

டிலக்ஷன் செய்தது பிழை. நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் இப்போது பழைய ஆள் இல்லை. சனிக்கிழமைகளில் இங்கே வருகிறான். எங்கள் சமையலறை மேசையில் இருந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுகிறான். கோபத்தை அடக்கப் பழக்கும் வகுப்பொன்றுக்குப் போகிறான். பங்குச் சுவாமியிடமும் போய்க் கதைத்திருக்கிறான். நீ வந்து நேரில் பார். பார்த்த பிறகு முடிவெடு.

நான் உன்னை அறைந்ததை எழுதியிருக்கிறாய். தகப்பன் இல்லாத பிள்ளையை அடிக்க எனக்கு உரிமை இருக்கென்று நினைத்தேன். நீ அதை ஆயுளுக்கும் வைத்திருப்பாய் என்று நினைக்கவில்லை.

தாடை இன்னும் நோகிறதா? அதை நீ எழுதவில்லை.

அண்ணன்,
யோசெப்

*

25 ஆகஸ்ட் 2024

அண்ணைக்கு,

நோகிறது. அப்பிளைக் கடிக்க முடியாது, வெட்டித்தான் தின்ன வேண்டும்.

பதில் எழுத ஒன்றரை மாதம் எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. "நேரில் பார்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். மிச்சத்தைப் போன கிழமைதான் வாசித்தேன்.

வந்த புதிதில், பாதையில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் நான் பாறைக்குப் பின்னால் போய் நின்று, ஆட்களைப் போகவிட்டு, பிறகுதான் நடப்பேன். ஜூலையில் ஒரு நாள் ஆற்று இரைச்சலில் எனக்குச் சத்தம் கேட்கவில்லை. வழி கேட்க வந்த ஒரு ஜெர்மன்காரர் என் தோளைத் தொட்டார். நான் திரும்பிய வேகத்தில் கையிலிருந்த நடைக்கோலால் அவருடைய முகத்தில் அடித்தேன். புருவம் பிளந்துவிட்டது. அறுபத்தைந்து வயது மனுஷன், இரத்தம் ஒழுக ஒழுக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஒதில் காயத்தை ஒட்டிக் கட்டி, அவரைக் காரில் கொண்டுபோய் விட்டா. திரும்பி வந்து என்னிடம் ஒரேயொரு கேள்வி கேட்டா: யார் உன்னை அடித்தது? நான் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். உங்களைப் பற்றியும், நீங்கள் கடிதம் எழுதுவதைப் பற்றியும்.

இப்போது ஒதிலுக்குத் தெரிந்த, உங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. 2021 பெப்ரவரியில் வயிற்றில் இருந்த என் பிள்ளை போனபோது பனியில் சறுக்கி விழுந்தேன் என்று சொன்னேன். நாலரை மாதம். டிலக்ஷன் பனிச் சப்பாத்தோடு உதைத்தார். இரண்டு தரம். இரண்டாவது உதை, நான் வயிற்றைக் கையால் மூடின பிறகு. அந்தப் பிள்ளைக்காக நீங்கள் பூசை ஒப்புக்கொடுத்தீர்கள். அவர் உங்களோடு முன்வாங்கில் முழந்தாளில் இருந்தார்.

இங்கே இம்மாத நடுவிலிருந்து காட்டுப்பன்றி வேட்டை தொடங்கிவிட்டது. காட்டுக்குள் போகும்போது தூரத்திலிருந்தே கண்ணில் படத் தோடம்பழ நிறத்தில் ஒரு மேலங்கி போட வேண்டும், இல்லாவிட்டால் பன்றியென்று சுட்டுவிடுவார்கள். நேற்று ஒன்றைக் கொண்டுவந்து ஊர் மண்டபத்துக்கு முன்னால் தொங்கவிட்டுக் கீறினார்கள். குடலை நாய்களுக்கு எறிந்தார்கள். நான் கடைசிவரை நின்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

நான் வரமாட்டேன். திரும்பக் கேட்காதீர்கள்.

றொஷினி

*

லொங்குய்ய், 29 செப்டம்பர் 2024

றொஷினி,

உன் கடிதத்தை வேலையிடத்தில், காருக்குள் இருந்து வாசித்தேன். பேக்கரி மணி அடித்தும் இறங்கவில்லை. உன் அண்ணி புஷ்பராணிக்குக் காட்டவில்லை.

டிலக்ஷனிடம் நேரே கேட்டேன், பிள்ளை எப்படிப் போனதென்று. சுவரில் இருந்த சிலுவையைத் தொட்டு, நீ பனியில் விழுந்தாய் என்று சத்தியம் செய்தான். அழுதான். அழுதுகொண்டிருந்தவன் திடீரென்று நிறுத்தி, "அவள் வேற என்ன எழுதினவள்?" என்று கேட்டான். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. நான் உன்னை நம்பவில்லை என்று நினைக்காதே. யோசித்துக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுத விருப்பமென்று டிலக்ஷன் ஜூலையில் சொன்னான். அப்படி ஏதாவது வந்தால் கிழிக்காமல் வாசி. வாசித்தபிறகு நீ என்ன செய்தாலும் நான் கேட்கமாட்டேன்.

இன்று அவன் பூசைக்கு வரவில்லை. வேலை விஷயமாக வெளியூர் போகிறான் என்று றொக்சன் சொன்னான். கவனமாக இரு. ஏன் இதை எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

யோசெப்

*

14 ஒக்ரோபர் 2024

யோசெப் அண்ணைக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. ஒதில் அதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து தந்தா. டிலக்ஷன் அதற்கு ஐந்து நாள் முதலே வந்துவிட்டான்.

சனிக்கிழமை காலை. முதல்நாள் மழையில் பாதையின் மேல்பகுதியில் மரமொன்று விழுந்துவிட்டதென்று நடப்பவர்கள் சொன்னார்கள். நான் கைவாளை எடுத்துக்கொண்டு போனேன். நான் போன பிறகு ஒரு தமிழ் ஆள் விடுதிக்கு வந்து, நல்ல பிரெஞ்சில், தான் கனடாவிலிருந்து வந்த றொஷினியின் அண்ணன், பெயர் யோசெப் என்று சொல்லியிருக்கிறான். யோசெப் எனக்குக் கடிதம் எழுதுகிற ஆள் என்று ஒதிலுக்குத் தெரியும். அவ கோப்பி கொடுத்து, நான் போன வழியைக் காட்டிவிட்டிருக்கிறா. கார் வழியால் போனால் எனக்கு முன்னாலேயே மேலே போகலாம் என்றும் சொல்லியிருக்கிறா.

அந்தப் பாதை ஆற்றிலிருந்து காட்டுக்குள் ஏறி, பாறையின் ஓரத்தால் போகும். ஒரு பக்கம் பாறை, மற்றப் பக்கம் பள்ளம். ஏறி முடிகிற இடத்தில் ஒரு கல் மதில் இருக்கிறது. அதில் ஒருவன் இருந்தான். கால்களைச் சேர்த்து, கைகளை மடியில் வைத்து, பூசைக்குக் காத்திருக்கிறவன் மாதிரி.

ஓடியிருக்கலாம். என் கால்கள் நின்றுவிட்டன. ஏழு வருடப் பழக்கம்.

"வா, வீட்டை போவம்," என்றான். "ரண்டு பேருக்கும் பிளேன் ரிக்கற் எடுத்திட்டன்."

நான் வரவில்லை என்றேன். அழத் தொடங்கினான். தான் எவ்வளவு மெலிந்துவிட்டான் என்று போட்டிருந்த சேட்டைத் தூக்கி விலாவைக் காட்டினான். நான் மறுபடியும் வரவில்லை என்றேன். அதற்குப் பிறகு அவன் அழவில்லை. என் தலைமயிரைப் பிடித்துப் பாறையில் மோதினான். கண் இருண்டது. விழுந்த என்னை இழுத்து மற்றப் பக்கம் திருப்பி, இடது கையை மிதித்தான். விரல்கள் உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் பிரெஞ்சில் கத்தினான், தமிழில் கத்தினான். பிறகு கத்துவதை நிறுத்திவிட்டு இரண்டு கையாலும் என் கழுத்தை நெரித்தான். அப்போதுதான் இது வேறு அடி என்று விளங்கியது. வீட்டில் அடிக்கும்போது அவன் கதைத்துக்கொண்டே இருப்பான். இப்போது கதைக்கவில்லை.

கைவாள் என் முதுகுக்குக் கீழே இருந்தது. வலது கையால் இழுத்து எடுத்தேன். எங்கே வைக்கிறேன் என்று பார்க்கவில்லை. அவன் தொடையில் பட்டது. ஒரு தரம் இழுத்தேன், அவன் விடவில்லை. திரும்ப இழுத்தேன். பச்சை மரம் அரிவதுபோல வாள் சிக்கியது. மூன்றாம் தரம் அவன் கையை விட்டுப் பின்னால் போனான். ஈரச் சருகில் கால் வைத்தான். அப்படியே பள்ளத்துக்குள் போய்விட்டான்.

மூன்று ஆள் உயரம் இருக்கும், கீழே ஒரு பாறைத் தட்டில் விழுந்து கிடந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே வந்திருந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். காப்பாற்று என்றான்.

இனி எழுதுவதைப் பொலிஸுக்கு நான் சொல்லவில்லை. நான் ஒரு கல்லைத் தூக்கினேன். ஒரு தலை அளவு கல். உடைந்த விரல்களோடு இரண்டு கையாலும் தூக்கி, ஓரத்துக்குப் போய், அவன் தலையைப் பார்த்து, போட்டேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல் அவன் தோளில் பட்டு ஆற்றுக்குள் போனது. நான் இன்னொரு கல்லைத் தேடினேன். அதற்குள் வேட்டைக்காரரின் நாய்கள் வந்துவிட்டன. பின்னால் மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒருவர் என்னைத் தன் மேலங்கியால் மூடினார். ஹெலிகொப்டர் வந்து அவனைத்தான் முதலில் தூக்கியது.

அவனுடைய காலை எடுத்துவிட்டார்கள். எனக்குத் தலையில் பதினாறு தையல், மூன்று விரல், ஒரு விலா எலும்பு.

ஒதில் என் கட்டிலருகே இருந்து அழுகிறா, தான்தான் வழி காட்டினதென்று. அது அவவின் பிழையில்லை. அண்ணை, விலாசம் தமிழில் இருந்தது. யாரோ அதை அவனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். அண்ணி அதைச் செய்யமாட்டா. அவன் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தான். அது முழுப் பொய்யும் இல்லை.

கல்லைப் பற்றி ஏன் உங்களுக்கு எழுதினேன் என்று கேட்பீர்கள். ஒருவருக்காவது சொல்ல வேண்டியிருந்தது. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

றொஷினி

*

லொங்குய்ய், 20 நவம்பர் 2024

றொஷினி,

நான்தான் வாசித்தேன்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. சமையலறை மேசையில் உன் தாளை வைத்து நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவன் தொலைபேசியில் தட்டிக்கொண்டான். ஊரின் பெயரில் ஒரு இடத்தில், "இது எஸ்ஸா, ஸெட்டா?" என்று கேட்டான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யோசித்துச் சொன்னேன். நன்மை செய்கிறேன் என்று நினைத்தேன். மன்னிப்புக் கடிதத்துக்கு விலாசம் வேண்டும்தானே என்று நினைத்தேன். இல்லை, இதுவும் முழு உண்மையில்லை. நீ திரும்பி வந்தால் கோவிலில் நான் தலை நிமிர்ந்து பாடலாம் என்று நினைத்தேன்.

உன் கடிதத்தைப் புஷ்பராணிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டு முடித்து, "நீங்கள் அவளை ரண்டு தரம் அவனிட்டைக் கொண்டுபோய் விட்டிட்டியள்," என்று சொன்னாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. சோறு போட்டு வைப்பாள். நான் வந்து இருந்தால் எழும்பிப் போய்விடுவாள்.

பத்தாம் திகதி, ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்தேன். றொக்சன் இரண்டு பேரோடு என் காரில் சாய்ந்துகொண்டு நின்றான். விழுந்து கிடந்தவன் மேல் நீ கல்லைப் போட்டாய் என்று டிலக்ஷன் வக்கீலிடம் சொல்கிறானாம். சாட்சி இல்லையாம். "அவள் உனக்கு எழுதியிருப்பாள். கடிதங்களைத் தா," என்றான். உன் கடிதம் அப்போது என் கோட்டின் உள் பையில் இருந்தது. வீட்டில் வைக்கப் பயந்து, கையோடு கொண்டு திரிந்தேன். அப்படி ஒன்றும் இல்லை என்றேன்.

காரில் பனி தட்டும் தடியால் முதல் அடி வாயில் விழுந்தது. மூன்று பல் போய்விட்டது. கீழே விழுந்த பிறகு காலால் உதைத்தார்கள். நான் வயிற்றைக் கையால் மூடினேன். மூடின கையின் மேலேயே உதைத்தார்கள். அந்த நேரம் உன் கடிதத்தில் பிள்ளையைப் பற்றி நீ எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. அதை நான் முந்தி வாசித்திருந்தேன், ஆனால் விளங்கவில்லை. கோவில் படியில் என்னோடு பாடுகிற ஆட்கள் நின்றார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை. றொக்சன் என்னை நிமிர்த்தி, "நீயும் அவளை அடிச்சனிதானே, இப்ப என்ன?" என்று கேட்டான். அவன் சொன்னது சரி.

கோட்டைத் தடவிப் பார்க்க அவர்களுக்குத் தோன்றவில்லை.

பொலிஸுக்குச் சொல்லிவிட்டேன். றொக்சனைப் பிடித்திருக்கிறார்கள். இனிப் பாட்டுக் குழு இல்லை, நானே விட்டுவிட்டேன்.

இங்கே தபால்காரர்கள் வேலைநிறுத்தம். இந்தக் கடிதத்தை எப்போது போடலாமென்று தெரியாது.

18 டிசம்பர்

நேற்றுத்தான் தபால் ஓடத் தொடங்கியது. ஒரு மாதமாக இது மேசையில் கிடந்தது. நான் பதில் எழுதவில்லை என்று நீ நினைத்திருப்பாய்.

உன் கடிதத்தை என்ன செய்ய? எரிக்கச் சொன்னால் எரிக்கிறேன். உனக்கே அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். நானாக ஒன்றும் செய்யமாட்டேன். நானாகச் செய்தது போதும்.

யோசெப்

*

11 ஜனவரி 2025

அண்ணைக்கு,

எரிக்க வேண்டாம். அனுப்பவும் வேண்டாம். அதில் இப்போது ஒளிக்க ஒன்றுமில்லை. கல்லைப் பற்றி டிசம்பர் மூன்றாம் திகதி விசாரணை செய்யும் நீதிபதியிடம் நானே சொல்லிவிட்டேன்.

துணிவு என்று நினைக்காதீர்கள். ஒக்ரோபரில் எழுதினேன், நவம்பர் முழுவதும் பதில் இல்லை. கடிதத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டீர்கள் என்று முடிவு கட்டினேன். விலாசத்தைக் கொடுத்தவர் இதையும் கொடுப்பார் என்று. அவர்கள் சொல்வதற்கு முதல் நான் சொல்ல வேண்டுமென்று பயத்தில் போனேன். உங்கள் பற்கள் அப்போதே போய்விட்டன என்று எனக்குத் தெரியாது.

நீதிபதி ஒரு பெண். நான் சொல்லும்வரை எழுதிக்கொண்டிருந்தவ பேனையை வைத்துவிட்டு, ஏன் போட்டாய் என்று கேட்டா. அவன் சாக வேண்டுமென்று என்றேன். இரண்டாவது கல்லைத் தேடியதையும் சொன்னேன். என் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். என் மேலும் வழக்கு வரலாம் என்கிறார். வந்தால் வரட்டும்.

அன்றைக்குத் திரும்பி வந்து, ஏழு மாதத்துக்குப் பிறகு வாய் விட்டு அழுதேன். தாடை விறைத்து, இரண்டு நாள் கஞ்சிதான் குடித்தேன்.

வழக்கு ஜூன் ஐந்தாம் திகதி. தற்செயலாக ஊர் பார்க்க வந்த இடத்தில் என்னைச் சந்தித்ததாக டிலக்ஷன் சொல்கிறான். அவனுக்கு விலாசம் எப்படிக் கிடைத்ததென்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள். ஒரு அறை நிறைந்த ஆட்களுக்கு முன்னால் எழுந்து நின்று, நான் எழுத்துக்கூட்டி வாசித்தேன் என்று சொல்ல வேண்டும். அது மொன்றியலில் எல்லோருக்கும் தெரியவரும்.

சொல்வீர்களா என்று கேட்கிறேன். சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நான் உங்களை மன்னிக்கவில்லை. அடிபட்டீர்கள் என்று வாசித்தபோது முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் மற்றது வந்தது.

றொஷினி

*

6 ஜூன் 2025, ஹோட்டலிலிருந்து

றொஷினி,

நேற்று ஒரே அறையில் ஐந்து மணித்தியாலம் இருந்தோம். நீ ஒதிலோடு முன்வரிசையில் இருந்தாய். உன் முதுகைத்தான் பார்த்தேன். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறாய். தையல் போட்ட இடத்தில் மயிர் இன்னும் முளைக்கவில்லை.

நான் சாட்சி சொல்லும்போது நீ தலையைத் தூக்கவில்லை. அதனால் எழுதுகிறேன், நீ கேட்டாயோ தெரியாது. மொழிபெயர்க்க வந்த பிள்ளை, "விலாசம் அவருக்கு எப்படித் தெரியும்?" என்று நீதிபதி கேட்டதைத் தமிழில் சொன்னாள். நான் வாசித்தேன் என்றேன். தங்கச்சி வேண்டாமென்று எழுதியிருந்ததும் தெரிந்துதான் வாசித்தேன் என்றேன். வேறு ஏதாவது சொல்ல இருக்கா என்று கேட்டார்கள். நவம்பரில் அவளைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டதையும், வாசலில் வைத்து அறைந்ததையும் சொன்னேன். அது வழக்குக்குத் தேவையில்லை என்று அவனுடைய வக்கீல் எழும்பினார். நீதிபதி அவரை இருக்கச் சொன்னார்.

டிலக்ஷன் ஊன்றுகோலோடு என்னைக் கடந்து போனபோது, "உன்ரை வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டனான்," என்றான்.  அவனுக்கு ஏழு வருடச் சிறை என்று வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. உன் மேல் வழக்கு இல்லை என்று சொன்னபோதுதான் வாங்கைப் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை விமானம். புஷ்பராணி உனக்கென்று ஒரு பை தந்துவிட்டாள், திறந்து பார்க்க வேண்டாமென்று சொல்லித்தான் தந்தாள். பார்க்கவில்லை. இப்போது அவள் என்னோடு ஒன்றிரண்டு வார்த்தை கதைக்கிறாள்.

உன்னைப் பார்க்க அனுமதி கேட்கிறேன். வேண்டாமென்றால் பையை ஹோட்டலில் விட்டுவிட்டுப் போகிறேன்.

யோசெப்

*

7 ஜூன் 2025

அண்ணைக்கு,

இதை ஒதிலிடம் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் சொன்னது முழுவதையும் கேட்டேன். தலையைத் தூக்கியிருந்தால் என்னால் அங்கே இருந்திருக்க முடியாது.

நாளைக் காலை எட்டு மணிக்கு ஒதில் உங்களைக் காரில் ஆற்றுப் பாலத்தடியில் இறக்கிவிடுவா. விடுதி அங்கிருந்து பதினொரு கிலோமீட்டர். நீங்கள் நடந்து வர வேண்டும். நல்ல சப்பாத்துப் போடுங்கள், இரண்டு போத்தல் தண்ணீர் எடுங்கள். வெள்ளையும் சிவப்பும் கோட்டைப் பார்த்து நடவுங்கள். இரண்டு கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்தால் அது பிழையான வழி, திரும்புங்கள். முதல் நாலு கிலோமீட்டர் ஆற்றோடு போகும், நிழல் இருக்கிறது. பிறகு ஏற்றம். உங்களுக்கு மூச்சு வாங்கும், அவசரப்பட வேண்டாம். இடது பக்கம் பள்ளம் வரும்போது பாறையோடு ஒட்டி வாருங்கள்.

ஏறி முடிகிற இடத்தில் கல் மதில் இருக்கிறது. அதற்கு இந்தப் பக்கம் நில்லுங்கள். நான் மற்றப் பக்கத்தால் வருவேன்.

ஒக்ரோபருக்குப் பிறகு நான் அந்த இடத்துக்குப் போகவில்லை. மூன்று தரம் வெளிக்கிட்டுப் பாதிவழியில் திரும்பிவிட்டேன். அதைத் தாண்டாமல் இந்தப் பாதையில் என்னால் வேலை செய்ய முடியாது. ஒதில் கூட வருகிறேன் என்றா, நான்தான் வேண்டாம் என்றேன்.

நான் வந்ததும் என்னைத் தொடாதீர்கள். ஒன்றும் சொல்லாதீர்கள். விடுதியை நோக்கி எனக்கு முன்னால் நடவுங்கள், நான் பின்னால் வருகிறேன்.

றொஷினி